எச்சமும் ஒரு சொத்து: வேடந்தாங்கலும் எங்க வீட்டு பால்கனியும்

போன ஜனவரியில எங்க வீட்ல ஒரு பெரிய பஞ்சாயத்து. வாதி அம்மா, பிரதிவாதி அப்பா. வழக்குக்குக் காரணம் பால்கனிக் கூண்டுல இருக்கற ஆறு லவ் பேர்ட்ஸ். ரிட்டையர் ஆன மூணாவது மாசம் அப்பா வாங்கிட்டு வந்தது. அதுங்க கத்தறதுகூட பிரச்சினை இல்லை. தினை உமி, உதிர்ந்த இறகு, எச்சம் மூணும் காஞ்சு கிடக்கும். விளக்குமாத்தை எடுத்தா புழுதியா கிளம்பும். அம்மாவுக்கு வீசிங் வந்துடுச்சு. "பறவைத் தூசிகிட்ட போகாதீங்கம்மா"ன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார்.

"ஒண்ணு அதுங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்"னு அம்மா. அப்பா வாயே திறக்கலை. கூண்டுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டார். தீர்ப்பு சொல்ல வேண்டிய நீதிபதி, வேற யாரு, பொட்டி தட்டற நான்தான் :)

தீர்ப்பை ஒத்தி வெச்சுட்டு, அந்த ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வேடந்தாங்கல் போனேன். ஆறு பறவைக்கே நாம இந்தப் பாடு படறோம். சீசன்ல ஆயிரக்கணக்குல வந்து இறங்கற பறவைகளோட ஒரு ஊரே எப்படிக் குடித்தனம் பண்ணுதுன்னு பார்க்கணும்னு தோணுச்சு.

ஏரிக்கரையில ஏறினதும் முதல்ல வரவேற்கறது வீச்சம்தான். மொத்த ஏரியும் சுமார் 30 ஹெக்டேர். தண்ணிக்குள்ள நிக்கற நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கான்னு மரத்துக்கு மரம் வாடகை இல்லாத அபார்ட்மெண்ட். எல்லாமே ஃபாரின் பறவைங்கன்னு நாம நினைச்சுக்கறோம். இந்தப் பேரெல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்களேதான், மழைக்காலம் பார்த்து கூடு கட்ட வருதுங்க. வடக்கேர்ந்து வர்ற வாத்து வகையறா இங்கே கூடு கட்டறதில்லை, விருந்தாளி மாதிரி தங்கிட்டுத் திரும்பிப் போயிடும்.

இனி வரலாறு. ஊர் பேருலயே பாதிக் கதை இருக்கு. தாங்கல்னா சின்ன ஏரி. வேடன் தாங்கல். 18-ம் நூற்றாண்டுல இது வேட்டையாடற இடமாத்தான் இருந்திருக்கு. ஆற்காட்டு நவாப் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்த செங்கல்பட்டுச் சீமையில அப்போ கம்பெனிக்காரங்க ராஜ்ஜியம். வெள்ளைக்கார சிப்பாய்ங்க வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரங்க திரண்டு போய் கலெக்டர்கிட்ட முறையிட்டாங்கன்னு வழிவழியா சொல்றாங்க. அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ். 1794-லேர்ந்து 1798 வரைக்கும் ஜாகீர் கலெக்டர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில வர்ற அதே பிளேஸ் துரைதான். 1798 வாக்குல பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்து ஊர்க்காரங்களுக்கு ஒரு கவுல் கிடைச்சுது. 1858-ல கலெக்டர் உத்தரவு அதை மறுபடி உறுதி பண்ணுச்சு.

கவுல்ங்கறது அரபு மொழியிலேர்ந்து வந்தது, 'சொல்', 'வாக்கு'ன்னு அர்த்தம். நம்ம வருவாய்த்துறை பாஷையில குடியானவங்களுக்கு சர்க்கார் கொடுக்கற ஒப்பந்தம். ஆக, இந்தியாவோட மிகப் பழைய பறவைகள் சரணாலயம்னு சொல்றமே, அது ஆரம்பிச்சது காட்டிலாகா உத்தரவால இல்லை, விவசாயிங்க கேட்டு வாங்கின வாக்குறுதியால.

அவங்க ஏன் கேட்டாங்க? பாசம் இருந்திருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா கணக்கும் இருந்துச்சு. பறவைக்குத் தனியா மூத்திரம் கிடையாது. எச்சத்துல வெள்ளையா தெரியறது யூரிக் அமிலம், அதாவது தழைச்சத்து. சுலபத்துல தண்ணியில கரையாது, அதான் பால்கனித் தரையில அப்படி ஒட்டிக்குது. ஏரிக்குள்ள விழுந்தா நுண்ணுயிர்கள் அதை மெதுவா உடைச்சு பயிருக்கு ஏத்த சத்தா மாத்திடும். மணிச்சத்தும் கூடவே போகும். மதகைத் திறந்தா வயலுக்குப் போறது வெறும் தண்ணி இல்லை, எருத்தண்ணி. நம்ம பாஷையில சொன்னா, ஒரு மாட்யூலோட அவுட்புட் அடுத்த மாட்யூலுக்கு இன்புட்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ஹம்போல்ட் பெரு நாட்டுல குவானோங்கற பறவை எச்ச உரத்தைப் பார்த்தது 1802-ல. மாதிரியை ஐரோப்பாவுக்கு எடுத்துட்டுப் போய், அப்புறம்தான் அங்கே ஆராய்ச்சியே. 1840-கள்லேர்ந்து சின்சா தீவுகள்ல மலை மலையா குவிஞ்சிருந்ததைக் கப்பல் கப்பலா வெட்டி எடுத்தாங்க. குவானோ இருக்கற தீவைக் கண்டா உரிமை கொண்டாடலாம்னு 1856-ல அமெரிக்கா தனிச் சட்டமே போட்டுச்சு. 1864-ல அந்தத் தீவுகளை ஸ்பெயின் பிடிக்க, சண்டையே மூண்டுச்சு. எச்சத்துக்கு! ஹம்போல்ட் கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே நம்ம ஊர் குடியானவங்க அதோட மதிப்பு தெரிஞ்சு பட்டயம் வாங்கி பத்திரப்படுத்திட்டாங்க. அங்கே வெட்டித் தீர்த்தாங்க, இங்கே வருஷா வருஷம் வரவழைச்சாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் இன்னும் ஒரு படி மேல. பறவைங்க ஊருக்குள்ளயே, வீட்டு மரங்கள்லயே கூடு கட்டும். எச்சம் விழறது வாசல்ல. அந்த ஊர்ப் பெண்கள் வாசல் பெருக்கற வேலையை நினைச்சுப் பாருங்க. இருந்தும் பறவை வந்தா ஊருக்கு நல்லதுன்னு விரட்டறதில்லை. 1994-ல அது சரணாலயம் ஆச்சு. வேடந்தாங்கலுக்கும் சோதனை இல்லாம இல்லை. 2020-ல, 5 கிலோமீட்டர் சுற்றளவுப் பாதுகாப்பைக் குறைக்கற யோசனை வந்து பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2022-ல ராம்சார் பட்டியல்ல இடம் கிடைச்சுது.

திரும்பி வர்ற வழியில அப்பா ரொம்ப நேரம் பேசலை. செங்கல்பட்டு தாண்டினதும், "இங்க எச்சம் விழற இடத்துல தண்ணி இருக்குடா, நம்ம வீட்ல உங்கம்மா இருக்கா"ன்னார். அவ்வளவுதான் தீர்ப்பு. நான் சொல்லவே தேவைப்படலை.

இப்போ எங்க வீட்லயும் ஒரு கவுல் ஓடுது. கூண்டு மொட்டைமாடிக்குப் போயிடுச்சு, மேல கீத்துக் கொட்டகை. சுத்தம் பண்றது அப்பா மட்டும், மாஸ்க் கட்டிக்கிட்டு. விளக்குமாறு கூடாது, முதல்ல தண்ணி தெளிச்சு ஊற வெச்சுத்தான் சுரண்டணும். சுரண்டினதெல்லாம் மூடி போட்ட எருத்தொட்டிக்கு. அம்மா மாடிப்படி ஏறக் கூடாது. மூணு மாசத்துல இருமல் குறையலைன்னா பறவைங்களை வேற வீட்டுக்குக் கொடுத்துடணும். கடைசி ஷரத்தை எழுதச் சொன்னது அப்பாவேதான்.

ரெண்டு மாசம் முடிஞ்சிருக்கு. ராத்திரி இன்ஹேலர் சத்தம் குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கலை. இன்னும் ஒரு மாசம் பாக்கி.

பி.கு: வேடந்தாங்கல் போறவங்க டிசம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள போங்க. ஹார்ன் அடிக்காதீங்க. தலைக்குத் தொப்பி கட்டாயம், காரணம் சொல்லணுமா :)