விதிநூல் யாருக்குச் சொந்தம்?

கோடை விடுமுறைக்கு மல்லசமுத்திரம் வந்திருந்த என் மகள்வழிப் பேரன், கல்லூரி நண்பர்கள் நால்வரையும் உடன் அழைத்து வந்திருந்தான். மூன்று இரவுகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி, தாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்கிறார்கள். அது கைகூடுமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். ஊருக்குக் கிளம்பும் முன் பேரன் கேட்டான்: "அப்புச்சி, இதோட விதிநூலைப் புத்தகமா வாங்கட்டுமா, ஃபைலா வாங்கட்டுமா?"

வாசிப்புப் பழக்கம் பற்றிய கேள்வியாகத்தான் அவன் கேட்டான். எனக்கு அது சொத்துரிமை பற்றிய கேள்வியாகப் பட்டது.

நம் தாயத்துக்கு விதிநூல் கிடையாது. ஊருக்கு ஊர் விதி மாறும்; தகராறு வந்தால் வீட்டில் மூத்த ஆத்தாளின் தீர்ப்பே முடிவு. இந்த விளையாட்டு அப்படியல்ல. இதில் காய்களும் கட்டங்களும் இல்லாமலேகூட ஆடிவிடலாம். நூல் இல்லாமல் ஆட முடியாது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இதை வெளியிட்டபோது, பெட்டிக்குள் இருந்தவை மூன்று சிறு கையேடுகள். இன்றைய முதன்மை நூல்கள் ஒவ்வொன்றும் 300 பக்கங்களைத் தாண்டுகின்றன.

அச்சா, கோப்பா என்ற விவாதத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரு பக்கமும் உண்மையே. ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கக் கோப்பு உதவும். மூன்று கனத்த நூல்களைப் பேருந்தில் சுமக்க வேண்டியதில்லை. மேசையைச் சுற்றிக் கைமாற்றிப் பார்க்கவும், 'இடப்பக்கம், கீழ்மூலை' என்று நினைவில் வைத்துப் புரட்டவும் அச்சு நூலே ஏற்றது. கைப்பேசியைத் திறந்தால் விதி மட்டுமா வருகிறது? ஆனால், இவையெல்லாம் வசதி பற்றியவை. முதன்மையான வேறுபாடு விலைச்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ், 1972-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நீடித்து உழைக்கும் பொருளைத் தனியுரிமையுடன் விற்பவருக்கு அவர் நேற்று விற்ற சரக்கே இன்றைய போட்டியாகிறது என்பது அதன் அடிப்படை. வகுப்பில் இதை விளக்க நான் பாடநூல்களையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மூத்த மாணவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கிய நூல் இளையவருக்குப் போதும். அதில் பதிப்பாளருக்கு ஒரு காசும் போகாது. ஆகவேதான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அத்தியாயங்களை இடம் மாற்றி, பயிற்சி எண்களைக் கலைத்துப் 'புதிய பதிப்பு' வருகிறது. (எல்லாப் புதிய பதிப்புகளும் அப்படி என்று சொல்லமாட்டேன், பெரும்பாலானவை அப்படித்தான்.)

விதிநூல் இதைவிடக் கடினமான சரக்கு. விளையாட்டின் விதி காலாவதியாவதில்லை. 1974-இன் கையேடுகளை வைத்திருப்பவர் இன்றும் அவற்றைக் கொண்டு ஆடலாம். 2000, 2014, 2024 எனப் புதிய விதிகள் வந்தபோதெல்லாம் அவற்றின் முதல் எதிரி அலமாரியில் இருந்த பழைய நூல்தான். இந்த இக்கட்டிலிருந்து விற்பவர் தப்ப கோஸ் குறிப்பிட்ட வழிகளுள் ஒன்று, பொருளை விற்காமல் வாடகைக்கு விடுவது. அச்சுக் காலத்தில் அது எளிதன்று. மின்வடிவம் அதை எளிதாக்கிவிட்டது.

நடந்தவற்றைப் பார்க்கலாம். 2009 ஏப்ரலில், இவ்விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், திருட்டுப் படிகளைக் காரணம் காட்டி, தன் நூல்களின் பிடிஎஃப் விற்பனையை நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கிவிட்டு, கடையின் தளத்திலேயே கோப்பை விட்டுவைத்திருந்தவர்களால் அதன்பின் அதை இறக்கிக்கொள்ள இயலவில்லை. விற்பனை மீண்டும் தொடங்கியது 2013-இல். அதே 2009 ஜூலையில், உரிமைச் சிக்கலால் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. நாவலின் பெயரைப் பார்த்து அன்று உலகமே சிரித்தது.

2024 ஆகஸ்டில் நடந்தது இன்னும் நுட்பமானது. விசார்ட்ஸ் நிறுவனம் தன் இணையதளத்தில், பழைய விதிப்படி உருவாக்கிய கதைமாந்தர்களின் மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் புதிய விதிப்படி மாற்றப்படும் என்று அறிவித்தது. விளையாடுவோர் கொதித்தெழுந்ததால் சில நாள்களில் பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதே. ஆனால், அலமாரியில் உள்ள நூலின் பக்கத்தை மாற்றப் போவதாக அறிவிக்கும் நிலையே எந்தப் பதிப்பாளருக்கும் முன்பு இருந்ததில்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 14-ஆவது பிரிவு, படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையை உரிமையாளருக்குத் தரும்போதே, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளை விலக்கிவிடுகிறது. ஆகவேதான் வாங்கிய நூலை விற்கவும், இரவல் தரவும், மகளுக்குச் சீராகக் கொடுக்கவும் நம்மால் முடிகிறது. மின்நூலில் நாம் பெறுவது பெரும்பாலும் நிபந்தனைகளுக்கு உட்பட்ட வாசிப்பு அனுமதி மட்டுமே. பழைய மின்நூலை மறுவிற்பனை செய்ய முயன்ற வழக்கில், 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. நம் வரி விதிப்பிலும் இந்தப் பிளவு தெரிகிறது: அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சு வடிவம் உள்ள மின்நூலுக்கோ 2018-இல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்களே தவிர, நீக்கவில்லை.

இதனால் காகிதமே காப்பு என்று சொல்லிவிட முடியுமா? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் அவற்றுடன் அழிந்தன. 1985-இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது. அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் வீட்டுப் பரணில் கரையான் தின்ற நூல்களுக்குக் கணக்கே இல்லை. மறுபுறம், 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாக வழங்கிவருகிறது. அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கலாம், படியெடுக்கலாம், பிறருக்குத் தரலாம். ஒரு கணினி பழுதானாலும் நூல் அழியாது.

ஆகவே, பகுப்பு காகிதத்துக்கும் கோப்புக்கும் இடையே இல்லை; நம் கையில் உள்ள படிக்கும் பிறர் கையில் உள்ள படிக்கும் இடையே இருக்கிறது. 2009-இல் பிடிஎஃப்பைத் தம் கணினியில் முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் ஒன்றையும் இழக்கவில்லை. 2023 ஜனவரியில், உரிம விதிகளை இறுக்கும் திட்டத்துக்கு எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பின், அதே நிறுவனம் தன் அடிப்படை விதிகளின் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. அதைத் திரும்பப் பெற இயலாது.

பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். விளையாடுவோருக்கான முதன்மை நூலை ஐந்து பேரும் சேர்ந்து அச்சில் ஒரு படி வாங்குங்கள். இறக்குமதி விலை பங்கிட்டால் தாங்கும். தேடிப் பார்க்க, இலவசமாக வெளியான அந்த விதித் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அச்சு நூலுடன் பிடிஎஃப்பையும் சேர்த்துத் தரும் சிறு பதிப்பாளர்கள் இத்துறையில் பலர் உண்டு. அவர்களின் விளையாட்டுகளையும் பாருங்கள். ஒருமுறை ஆடி முடித்துவிடும் கதைத்தொகுப்புகளை மட்டும் இணையத்தில் வாசிப்பு அனுமதியாக வாங்கலாம். வாடகை வீடு எல்லாருக்கும் கேடல்லவே. நண்பர்களிடம் சுற்றும் திருட்டுப் படியைப் பற்றியும் கேட்டான். எழுதியவருக்குக் கூலி சேராத படி என் வீட்டு மேசைக்கு வேண்டாம் என்றேன்.

அவர்கள் போன மறுவாரம், என் நூல்களில் இரண்டு பெட்டிகளை நூலகத்துக்குக் கொடுத்தேன். நூலகர் ஒவ்வொன்றாக எண்ணி ரசீது எழுதினார். என் மின்வாசிப்பானிலும் காசு கொடுத்து வாங்கிய நூல்கள் சில இருக்கின்றன. அவற்றை எந்த ரசீதிலும் ஏற்ற வழியில்லை; என் பெயரில் உள்ள கணக்கு இருக்கும்வரை அவையும் இருக்கும்.