யாட்பேர்ட்ஸ் குழுவும் மூன்று கிற்றார் வல்லுநரும்

றொக் இசையின் இரசிகர் சிலர் ஓரிடத்திற் கூடினால், சிறிது நேரத்துள் அவர்களிடையே எழும் வினா கிற்றார் வாசிப்போருள் தலைசிறந்தவர் யார் என்பதே. எரிக் கிளப்டன் என்பார் ஒருவர். ஜெப் பெக் என்பார் மற்றொருவர். இருவரையும் மறுத்து ஜிமி பேஜ் என்பார் மூன்றாமவர். அமெரிக்கரான ஜிமி ஹென்றிக்சுக்கு முதலிடத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே இவ்வழக்கைத் தொடங்குவோரும் உளர். இதில் வியப்பு யாதெனில், வழக்குக்குரிய இம்மூவரும் ஒரே இசைக்குழுவில், ஒரே பொறுப்பை, ஒருவர்பின் ஒருவராக ஏற்றவர்கள் என்பதாம். ஐந்தாண்டுகளே நிலைத்திருந்த அக்குழுவின் பெயர் யாட்பேர்ட்ஸ். புகையிரத நிலைய முற்றங்களிற் சுற்றித் திரிந்த நாடோடிகளைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சை வழக்கு அது. ஜாஸ் இசை மேதை சார்லி பார்க்கருக்கும் அதுவே பட்டப்பெயராய் அமைந்திருந்தது.

1963 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் தென்மேற்குப் புறநகர்ப் பகுதியில் இக்குழு தோன்றியது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் வளர்ந்த அவ்விளைஞருக்கு, அத்திலாந்திக்கின் மறுகரையிலிருந்து வந்த புளூஸ் இசைத்தட்டுக்கள் பெரும் புதையலாய் விளங்கின. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தினின்றும் பிறந்த அவ்விசையை, அதன் பிறந்தகத்து வெள்ளையர் பெரும்பாலும் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், சறே மாவட்டத்து ஓவியக் கல்லூரி மாணவர் தேடித்தேடிக் கேட்டனர். கீத் றெல்வ் பாடினார். வாயிசைக் கருவியாகிய ஹார்மோனிக்காவையும் வாசித்தார். போல் சம்வெல் ஸ்மித் பேஸ் கிற்றாரும், ஜிம் மக்காட்டி டிரம்சும் வாசித்தனர். கிறிஸ் டிறேயா ரிதம் கிற்றார் வாசித்தார்; பாட்டுக்கு வேண்டிய தாளக்கட்டையும் சுரக்கூட்டையும் இடைவிடாது தாங்கி நிற்பது அவர் வேலை. அதன்மேல் தனித்து ஒலித்துக் கற்பனை செய்யும் லீட் கிற்றார் பதினைந்து வயதுச் சிறுவனொருவனிடம் இருந்தது. அவன் பெயர் அன்ரனி ரொப்பம்.

அக்காலத்தில் றிச்மண்ட் நகரிலிருந்த கிறோடாடி என்னும் இசை மன்றத்தை ஜோர்ஜியோ கொமெல்ஸ்கி என்பவர் நடத்திவந்தார். அங்கு வாசித்துப் புகழ்பெற்ற ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் வெளியேறிய இடத்தில் யாட்பேர்ட்ஸ் குழுவை அமர்த்திய அவரே, பின்னர் அதன் முகாமையாளருமானார். வாரத்திற் பல இரவுகள் வாசிக்க வேண்டியதாயிற்று. ரொப்பத்தின் பெற்றோர் அதற்கு இசையவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை கல்வியைக் கைவிட்டு இரவெல்லாம் மேடையில் நிற்பதை விரும்பாத பெற்றோரிடம் குற்றங் காண்பதற்கில்லை. 1963 ஒக்ரோபரில் அவன் விலகினான். அவ்விடத்திற்கு வந்தவர், பதினெட்டு வயதினரான எரிக் கிளப்டன்.

கிளப்டன் புளூஸ் இசையை ஒரு சமயநெறிபோலக் கைக்கொண்டவர். அமெரிக்காவிலிருந்து வந்த மூத்த கலைஞர் சனி போய் வில்லியம்சனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வாய்ப்பு அவ்வாண்டின் இறுதியிலேயே குழுவினருக்குக் கிட்டியது. ஒரு பாட்டின் நடுவில் ஓசையையும் வேகத்தையும் படிப்படியாக உயர்த்தி, கேட்போரை உச்சத்திற்குக் கொண்டுசென்று மீளும் ஒரு முறையை இவர்கள் தமக்கெனச் சமைத்துக்கொண்டனர். இலண்டன் மாகீ மன்றத்தில் 1964 இற் பதிவான இசைத்தட்டு அதற்குச் சான்று. கிளப்டனின் கிற்றார்த் தந்தி அறுந்தால் அவர் மேடையில் நின்றே புதுத் தந்தி பூட்டுவார். அவையோர் மெதுவாகக் கைதட்டிக் காத்திருப்பர். 'மந்தக் கையர்' எனப் பொருள்படும் அவரது பட்டப்பெயர் இதனாலேயே வந்தது என்பர். விரைவாக வாசிப்பவருக்கு இப்படியொரு பெயர் வாய்த்தமை நகைப்புக்குரியதே.

ஆயினும் இசைத்தட்டு விற்பனையிற் குழுவினர் முன்னேறவில்லை. 1965 மார்ச்சில் வெளிவந்த 'போர் யுவர் லவ்' என்னும் பாட்டு அந்நிலையை மாற்றியது. அது கிறஹாம் கூல்ட்மன் என்னும் இளைஞர் இயற்றியது. அதன் முகப்பில் ஒலிப்பது கிற்றார் அன்று. பழைய ஐரோப்பிய அரண்மனைகளிற் பயின்ற ஹாப்சிகோட் என்னும் விசைக்கருவி. கிற்றார் நடுவிற் சிறிது நேரமே தலைகாட்டுகிறது. பிரித்தானிய விற்பனை வரிசையில் மூன்றாம் இடத்தையும் அமெரிக்காவில் ஆறாம் இடத்தையும் அது எட்டிற்று. குழு புகழேணியிற் கால்வைத்த அதே மாதத்தில் கிளப்டன் வெளியேறினார். புளூஸ் இசையை விற்பனைப் பண்டமாக்கிவிட்டனர் என்பது அவருடைய குறை.

இரசிகர் வாதத்தின் முதல் முடிச்சு இங்கேதான் விழுகின்றது. கிளப்டன் கொள்கை வீரர் என்பர் ஒருசாரார். பிடிவாதக்காரர் என்பர் மறுசாரார். இரண்டும் உண்மையெனக் கொள்வதே நேர்மை. அவர் அடுத்துச் சேர்ந்தது ஜோன் மேயோல் என்பவரின் புளூஸ் குழு. பொருள் வருவாயை எண்ணியிருப்பின் அங்கே போயிரார். ஆனால் 1966 இல் அவர் தொடங்கிய கிறீம் குழு, புளூசைத் தூயதாக வைத்திருந்தது என யாரும் சொல்லார். மேயோல் குழுவில் வாசித்த காலத்திலேயே 'கிளப்டனே கடவுள்' என யாரோ இலண்டனிலுள்ள ஒரு சுவரில் எழுதி வைத்தனர். ஓர் இசைக்கருவியாளனை இரசிகர் தெய்வமாக்கிய அச்சுவரெழுத்தே, தலைசிறந்தவர் யார் என்னும் பட்டிமன்றத்திற்கு முதல் முழக்கம் எனலாம்.

வெறுமையான இடத்திற்கு முதலில் அழைக்கப்பட்டவர் ஜிமி பேஜ். அவர் அப்பொழுது இலண்டன் ஒலிப்பதிவுக் கலையகங்களிற் கூலிக்கு வாசித்து நல்ல ஊதியம் பெற்றுக்கொண்டிருந்தார், மறுத்துவிட்டார். மறுத்ததோடமையாது, தம் நண்பர் ஜெப் பெக்கை அழைக்குமாறு கூறினார். பின்னர் பெக் நன்றிக்கடனாக ரெலிகாஸ்ரர் கிற்றாரொன்றைப் பேஜுக்கு வழங்கினார். அக்கருவி இவ்வரலாற்றின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

பெக் குழுவிலிருந்த காலம் இருபது மாதம் வரையில்தான். யாட்பேர்ட்ஸ் வரலாற்றில் வளமிக்க காலம் அதுவே. கிளப்டன் பழைய இசையைக் காக்க வந்தவர். பெக்கோ கருவியிலிருந்து அதுவரை எவரும் கேளாத ஒலிகளைக் கிளப்ப வந்தவர். 1965 இல் 'ஹாட் புல் ஒவ் சோல்' என்னும் பாட்டுக்கு இந்தியச் சித்தார் வேண்டுமெனக் கருதிச் சித்தார்க் கலைஞரொருவரைக் கலையகத்திற்கு வரவழைத்தனர். அவர் வாசித்தது பாட்டின் அமைப்போடு பொருந்தவில்லை. உடனே பெக், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியைத் தம் மின்கிற்றாரோடு இணைத்து, தந்தியை இழுத்து வளைத்து அச்சித்தார் ஓசையைக் கிற்றாரிலேயே எழுப்பினார். வீணையிற் கமகம் கேட்டுப் பழகிய செவிக்கு அது முழுமையாகத் தோன்றாது. ஆயினும் ஆங்கிலப் பொது இசைக்கு அக்காலத்தில் அது முற்றிலும் புதிது. பீட்டில்ஸ் குழுவினர் சித்தாரைத் தம் இசைத்தட்டிற் சேர்த்ததும் இதற்குச் சில மாதங்கள் பிந்தியே.

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மீண்டும் கிற்றாரின் தந்திகளை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மறுபடியும் ஒலிபெருக்கிக்குச் சென்று ஊளையிடுவது மின்கிற்றாரின் இயல்பு. அதனைக் குறையெனக் கருதி அடக்க முயன்றோர் பலர். பெக் அவ்வூளையையே சுருதிக்கு இசைய வளர்த்து, 1966 இல் வெளிவந்த 'ஷேப்ஸ் ஒவ் திங்ஸ்' பாட்டிற் பயன்படுத்தினார். ஹென்றிக்ஸ் இலண்டனுக்கு வந்திறங்கியது அவ்வாண்டு செப்ரெம்பரில். அதற்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பதை, ஹென்றிக்சிடமிருந்தே யாவும் தொடங்கின என்போர் எண்ணிப் பார்த்தல் நன்று.

1966 நடுப்பகுதியில் சம்வெல் ஸ்மித் மேடை வாழ்வில் வெறுப்புற்று விலகினார். முன்னர் மறுத்த பேஜ் இம்முறை இசைந்தார். வந்ததோ பேஸ் கிற்றார் வாசிப்பதற்கு. சில வாரங்களில் டிறேயா பேஸ் கற்றுக்கொண்டு தம் இடத்தை விட்டுக்கொடுக்க, பெக்கும் பேஜும் இருபுறமும் நின்று இரட்டை லீட் வாசித்தனர். இரசிகர் கனவிற் காணும் இச்சேர்க்கை மேடையில் சில மாதமே நிலைத்தது. இசைத்தட்டில் மிகச் சிலவே எஞ்சின. அவற்றுட் சிறந்தது 1966 ஒக்ரோபரில் வந்த 'ஹப்பெனிங்ஸ் ரென் இயேர்ஸ் ரைம் ஏகோ'. இத்தாலிய இயக்குநர் அன்ரோனியோனியின் 'புளோ அப்' திரைப்படத்திலும் இருவரும் தோன்றுகின்றனர். அதிற் பெக் தம் கிற்றாரை உடைத்து நொறுக்குவார். அவ்வாண்டின் இறுதியில், அமெரிக்க ஊர்களெங்கும் பேருந்திற் சென்று வாசிக்கும் கடுமையான சுற்றுப்பயணத்தின் நடுவே, பெக்கின் உறவு முறிந்தது. தாமாக விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பது இன்னும் ஓயாத வாதம். நோயும் களைப்பும் அவரை வாட்டின என்பதும், நிகழ்ச்சிகளுக்கு வாராதிருந்தார் என்பதும் இரண்டும் உண்மை. எதனை முதலிற் சொல்வது என்பதே வழக்காடுவோரின் வேறுபாடு.

எஞ்சிய நால்வரும் 1968 வரை தொடர்ந்தனர். 1967 இல் வெளியான 'லிற்றில் கேம்ஸ்' இசைத்தட்டு அவர்களுக்குப் புகழ் சேர்க்கவில்லை. மேடையிற் பேஜ் வயலின் வில்லைக் கொண்டு கிற்றார்த் தந்திகளை உராய்ந்து புதுமை செய்தார். இசைத்தட்டுத் தயாரிப்பாளரோ எளிய பாட்டுக்களையே வேண்டினார். 1968 ஜூலையில் லூட்டன் நகரிற் கடைசி நிகழ்ச்சி நடந்தது. றெல்வும் மக்காட்டியும் பிரிந்தனர். ஆனால் ஸ்கந்திநேவிய நாடுகளில் வாசிப்பதற்கான ஒப்பந்தம் கையில் இருந்தது. பேஜ், றொபேட் பிளான்ற் என்னும் பாடகரையும், ஜோன் பொனம் என்னும் டிரம்ஸ் கலைஞரையும், ஜோன் போல் ஜோன்சையும் சேர்த்துக்கொண்டு, 'நியூ யாட்பேர்ட்ஸ்' என்னும் பெயரில் செப்ரெம்பர் 7 ஆந் திகதி டென்மார்க் நாட்டில் மேடையேறினார். சில வாரங்களிற் பெயர் மாறிற்று. லெட் செப்பலின் என உலகம் அறிந்த குழு அதுவே. 1969 சனவரியில் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டிற் பேஜ் வாசித்தது, பெக் நன்றியாகக் கொடுத்த அந்த ரெலிகாஸ்ரரை. அவ்விசைத்தட்டு உறையின் பின்புறத்திலுள்ள புகைப்படத்தை எடுத்தவர், இசையை விட்டுப் புகைப்படக் கலைக்குச் சென்ற டிறேயா.

மூவருள் யார் பெரியவர்? அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2003 இல் வெளியிட்ட வரிசையிற் கிளப்டன் 4 ஆம் இடத்தையும், பேஜ் 9 ஆம் இடத்தையும், பெக் 14 ஆம் இடத்தையும் பெற்றனர். 2011 இல் அவை முறையே 2, 3, 5 ஆயின. 2023 இற் பேஜ் 3, பெக் 5; கிளப்டனோ 35. இடையில் எவரும் பழைய இசைத்தட்டுக்களைத் திருத்தி வாசித்திலர். மாறியது மதிப்பிடுவோர் மனமே. கருவியின் எல்லையை விரித்தவர் யார் என வினவினாற் பெக் என்றும், குழுவொன்றைக் கட்டி எழுப்பியவர் யார் என வினவினாற் பேஜ் என்றும், கிற்றார் வாசிப்பவனைக் கூட்டத்தின் நடுநாயகமாக்கியவர் யார் என வினவினாற் கிளப்டன் என்றும் விடை வரும். இவ்வாதத்தில் டிறேயாவின் பெயரை எடுப்பவர் இல்லை. மூவருக்கும் அடுத்து நின்று, வேண்டியபோது கருவியையே மாற்றிக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை குழுவைத் தாங்கியவர் அவரும் மக்காட்டியும் றெல்வுமே. றெல்வ் 1976 இல் தம் இல்லத்தில் மின்கிற்றார் வாசிக்கையில் மின்சாரந் தாக்கி இறந்தார்; அப்பொழுது அவருக்கு வயது 33.

கிளப்டன், பெக், பேஜ் மூவரும் ஒரே மேடையில் தோன்றியது 1983 செப்ரெம்பரில், இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில், நோயுற்ற கலைஞர் றொனி லேனுக்கு உதவும் நிகழ்ச்சியிலேயே. 1992 இல் அமெரிக்காவின் றொக் இசைப் புகழ் மண்டபம் யாட்பேர்ட்ஸ் குழுவைச் சேர்த்துக்கொண்டது. ஏழு பெயர்கள் வாசிக்கப்பட்டன. ரொப்பத்தின் பெயர் அவற்றுள் இல்லை.

அதே 1992 இல் மக்காட்டியும் டிறேயாவும் யாட்பேர்ட்ஸ் என்னும் பெயரில் மீண்டும் ஒரு குழு அமைத்தனர். உடல்நலக் குறைவாற் டிறேயா விலகியபின், 2013 இல் அக்குழுவிற்குக் கிற்றார் வாசிக்க வந்தவர் அன்ரனி ரொப்பம். பெற்றோர் சொற்கேட்டு விட்டுப்போன இடத்திற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து மீண்ட அவர், இரண்டாண்டு வரையில் வாசித்தார். 2023 சனவரி 10 ஆந் திகதி ஜெப் பெக் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் யாவும் பக்கம் பக்கமாக எழுதின. அதே மாதத்தில், தம் 75 ஆவது வயதில், ரொப்பமும் காலமானார்.