ஊர்நாயின் மூன்று மில்லி ரத்தம்

விரல் நீளத்துக்கு ஒரு குப்பி, ஊதா நிற மூடி. உள்சுவரில் ஈடிடிஏ பூசியிருக்கும். ரத்தத்திலுள்ள கால்சியத்தை அது பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கும். நம் தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருப்பதும் இதே குப்பிதான். ஆனால் இங்கே சொல்லப்போவது எகிப்து, உகாண்டா, நமீபியா கிராமங்களுக்குப் போய், ஊர்நாய்களின் ரத்தத்தோடு அமெரிக்கா திரும்பிய குப்பிகளின் கதை.

கொண்டுபோனவர்கள் புதுமணத் தம்பதி. மரபியலாளர் ஆடம் பாய்க்கோவின் சகோதரர் ரயனும் அவர் மனைவியும் தேனிலவுக்கு ஆப்பிரிக்கா கிளம்பியபோது, ஊசியும் குப்பியும் சேர்ந்தே பயணப்பட்டன.

அப்படி என்ன அவசரம்? 2002-இல் 654 நாய்களின் டிஎன்ஏவை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நாய் முதன்முதலில் வீட்டு விலங்கானது கிழக்கு ஆசியாவில்தான் என்றது. அங்கேதான் மரபணு வகைகள் அதிகம் என்பது காரணம். ஆனால் கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவற்றில் ஊர்நாய்கள் நிறைய. மற்ற இடங்களிலிருந்து வந்தவை பெரும்பாலும் சாதி நாய்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றில் பல, கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் சொந்தத்துக்குள்ளேயே இனம்சேர்த்து உருவாக்கப்பட்டவை. அவற்றின் மரபணு வகைகள் ஏற்கெனவே சுருங்கிப்போனவை. அவற்றை வைத்து ஒரு கண்டத்தின் பழங்கதையைப் படிக்க முடியாது. யாரும் வளர்த்துப் பெருக்காத, தானாகவே இணைசேர்ந்து, ஊர்க்குப்பையில் வயிறு வளர்க்கும் நாயிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது, யாரும் அதைத் தபாலில் அனுப்பிவைக்கவும் மாட்டார்கள். வண்டி கட்டிக்கொண்டு அதன் ஊருக்கே போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஊர்நாயிடம் ரத்தம் எடுப்பது வளர்ப்பு நாயிடம் எடுப்பதைப் போல் அல்ல. கழுத்துப்பட்டை அறியாத கழுத்து. மனிதக் கை அணைத்துப் பிடித்துப் பழக்கமில்லாத உடம்பு. எடுப்பவர் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாய் யார் வீட்டுத் திண்ணையை நம்பி வாழ்கிறதோ, அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். பெரும்பாலும் தலையைப் பிடித்துக்கொள்பவரும் அவராகவே இருப்பார். துணிநாடாவால் வாயை இரண்டு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சு. முன்னங்காலின் மேல்பக்கத்தில் ஸ்பிரிட் தடவி, முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் ரத்தநாளம் புடைத்துத் தெரியும். ஊசி நுழைகிறது, மூன்று மில்லி போதும். குப்பியைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் செல்கள் உடையும். எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு ஓர் எண், ஊர், ஆணா பெண்ணா, எத்தனை வயது, எடை, ஒரு புகைப்படம். அந்த எண் அழிந்தால் ரத்தம் வெறும் ரத்தம்தான். எந்த ஊர் நாய் என்று தெரியாத டிஎன்ஏ இந்த ஆய்வுக்கு உதவாது.

அப்புறம் சூட்டோடு போராட்டம். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று வண்டி போய்க்கொண்டிருக்கும்; ஐஸ் பெட்டி குளிர்ச்சி விடாமல் இருக்க வேண்டும். நாட்டைத் தாண்டும்போது கால்நடைத் துறைகளின் அனுமதித் தாள்கள், கசியாத உறைக்குள் இன்னோர் உறை, அதற்கும் வெளியே கெட்டியான பெட்டி.

ஆய்வகத்தில் முதல் வேலை சிவப்பணுக்களை உடைத்து நீக்குவது. பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. டிஎன்ஏ இருப்பதெல்லாம் வெள்ளணுக்களில். அவற்றைக் கரைத்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, கடைசியில் ஆல்கஹால் ஊற்றும்போது, தெளிந்த திரவத்தில் வெண்ணிற நூல் போல ஒன்று சுருண்டு திரள்கிறது. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். குப்பிக்குள் நாட்டைத் தாண்டி வந்த பொருள் அதுதான்.

318 ஆப்பிரிக்க ஊர்நாய்களை வைத்து 2009-இல் கட்டுரை வந்தது. ஆப்பிரிக்க ஊர்நாய்களின் மரபணு வகைகள் கிழக்கு ஆசிய ஊர்நாய்களுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தன. கிழக்கு ஆசியாதான் பிறப்பிடம் என்ற வாதத்தின் அடித்தளம் ஆடியது. ஆப்பிரிக்க இனமென்று பெயர் வாங்கிய ரொடீசியன் ரிட்ஜ்பேக்கும் ஃபாரோ ஹவுண்டும் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த வம்சம் என்று தெரிந்தது. நமீபியாவின் வடக்கில் பூர்விக நாய்கள். நடுப்பகுதியிலோ வெளிநாட்டு இரத்தம் கலந்தவை. மாட்டு நோய் பரவாமல் தடுக்க, ஜெர்மானியர் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய கால்நடைத் தடுப்பு எல்லை அந்த நாட்டைக் குறுக்கே பிரிக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால், ஒரு நாயின் காலிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒரு நாட்டின் வரலாறு கண்ணுக்குப் புலப்படுகிறது. இந்தப் பகுதிதான் என்னை அதிகம் ஈர்த்தது.

குப்பியின் ஆயுள் அதோடு முடியவில்லை. பிரித்தெடுத்த டிஎன்ஏ உறைபெட்டியில் பல்லாண்டு கெடாமல் இருக்கும். கருவி மேம்படும்போது திரும்ப வெளியே எடுக்கலாம். 2009-இல் பார்த்த மரபுக் குறியீடுகள் சில நூறு. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து பாய்க்கோ குழு வெளியிட்ட ஆய்வில் 1,85,000-க்கும் மேல். 38 நாடுகளின் 549 ஊர்நாய்களையும் 4,676 சாதி நாய்களையும் ஒப்பிட்டு, பிறப்பிடம் மத்திய ஆசியா என்றார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. 2022-இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்தவர்கள், நாய்கள் யூரேசியாவின் கிழக்குப் பக்கத்து ஓநாய்களுக்கு நெருக்கம் என்றார்கள்; நேர் மூதாதை இன்னும் அகப்படவில்லை.

2015 ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. தென் அமெரிக்காவிலும் தென் பசிபிக் தீவுகளிலும் பல இடங்களில் ஊர்நாய்கள் அநேகமாக முழுவதும் ஐரோப்பிய வம்சமாகிவிட்டன. வியட்நாம், எகிப்து, இந்தியா ஆகிய நாடுகளின் நாய்களில் அந்தக் கலப்பு மிகக் குறைவு. அந்தச் சொத்து நம் தெருவில் படுத்திருக்கிறது. ஆனால் வீட்டில் அலுத்துப்போன சாதி நாய்களைத் தெருவில் விட்டுவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அவை ஊர்நாயோடு சேர்ந்தால் கலப்பு வெகுவேகமாக நடக்கும். கருத்தடைக்காகத் தெருநாய்களைப் பிடித்து மயக்க ஊசி போடும் மையங்கள் நம் நகரங்களில் இயங்குகின்றன. மயக்கத்தில் கிடக்கும் நாயிடமிருந்து மூன்று மில்லி எடுத்து, பிடித்த தெருவின் பெயரை எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும். கால்நடைப் பல்கலைக்கழகங்களில் உறைபெட்டிகளும் இருக்கின்றன. இதை இப்போதே தொடங்கலாம்.