யூ.எஸ்.பி தரவு சேகரிப்புக் கருவி இனங்காணல்

யூ.எஸ்.பி தரவு சேகரிப்புக் கருவி என்பது வெப்பநிலை, அழுத்தம், ஒலி போன்ற இயற்பியல் அளவுகளை உணரிகள் தரும் மின்னழுத்தத்தின் வழியாகப் பெற்று, எண்ணிமத் தரவாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி ஆகும். புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் மாணவர்களுக்காக உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய கருவியைச் செருகிய பின்னரும் கணினி அதனை இனங்காணாதிருப்பது ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நேரும் சிக்கலாகும். கருவி பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்யுமுன், இனங்காணல் எந்தப் படியில் தடைப்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

இனங்காணல் நடைபெறும் முறை

யூ.எஸ்.பி 2.0 வரையிலான கருவிகளில் பின்வரும் படிகள் வரிசையாக நிகழ்கின்றன.

1. கருவி தன் இரு தரவுக் கம்பிகளுள் ஒன்றை 1.5 கிலோஓம் தடையின் வழியாக ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தும். இதைக் கொண்டே கணினி, ஒரு கருவி செருகப்பட்டதை உணர்கிறது.
2. கணினி கருவியை மீட்டமைத்து, அதன் விவரிப்பைக் கேட்டுப் பெறும். 1 முதல் 127 வரையான எண்களுள் ஒன்றை அதற்கு முகவரியாக வழங்கும்.
3. விவரிப்பில் உள்ள தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைக் கொண்டு, பொருத்தமான இயக்கி மென்பொருளை இயங்குதளம் தேடி ஏற்றும்.
4. அதன் பின்னரே பயன்பாட்டு மென்பொருள் கருவியைத் திறக்க இயலும்.

தடைப்பட்ட படியை அறிதல்

விண்டோசில் சாதன மேலாளரும், லினக்சில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையும் கருனியின் பதிவும் இதற்கு உதவும். கருவியைச் செருகும்போதும் அகற்றும்போதும் எவ்வித மாற்றமும் தென்படாவிட்டால், முதற்படியிலேயே சிக்கல் உள்ளது. விண்டோசில் "அறியப்படாத யூ.எஸ்.பி சாதனம்" என்ற குறிப்பும், லினக்ஸ் பதிவில் விவரிப்பைப் படிக்கையில் −71 அல்லது −110 என்ற பிழையும் தோன்றினால், தடை பெரும்பாலும் இரண்டாம் படியில் இருக்கும். விண்டோசின் பிழை எண் 28, இயக்கி நிறுவப்படாததையும், 52, இயக்கியின் எண்ணிமக் கையொப்பம் சரிபார்க்கப்படாததையும் குறிக்கும். இவை மூன்றாம் படிக்குரியவை.

காரணங்களும் தீர்வுகளும்

மின்னிணைப்பு: கைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகள் இரா. அவற்றால் கருவியின் விளக்கு எரியலாம், இனங்காணல் நிகழாது. யூ.எஸ்.பி 2.0 துறையில் கருவி, தொடக்கத்தில் 100 மில்லிஆம்பியரும், கணினி இசைந்த பின்னர் 500 மில்லிஆம்பியர் வரையும் பெறலாம். தனி மின்வழங்கி இல்லாத ஹப் ஒவ்வொரு துறைக்கும் 100 மில்லிஆம்பியர் மட்டுமே தரும். ஆகவே நல்ல, குறுகிய கேபிளால் கருவியைக் கணினியின் துறையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதே முதற்சோதனை.

நிலைபொருள்: சைப்ரசு நிறுவனத்தின் ஈ.இசட்-யூ.எஸ்.பி எப்.எக்ஸ்2 சில்லைக் கொண்ட பல கருவிகள், செருகியதும் ஒரு பொருள் எண்ணுடன் தோன்றி, கணினியிலிருந்து நிலைபொருளைப் பெற்றபின் மறைந்து, வேறோர் எண்ணுடன் மீண்டும் தோன்றும். இவ்வாறு மறைவது பழுதன்று. முதல் எண்ணிலேயே கருவி நின்றுவிட்டால், நிலைபொருளை ஏற்றும் மென்பொருள் நிறுவப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

இயக்கி: 32 பிட் இயக்கிகள் 64 பிட் விண்டோசில் இயங்கா. பழைய கருவியைப் புதிய கணினிக்கு மாற்றும்போது இது முதன்மையான தடையாகிறது.

அணுகல் உரிமை: லினக்சில் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் இருக்கும் கருவியைப் பயன்பாட்டு மென்பொருள் திறக்க இயலாவிட்டால், பயனருக்கு உரிமை இல்லாதிருக்கலாம். யூடெவ் விதி ஒன்றைச் சேர்ப்பது இதற்குத் தீர்வு. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் தொடர் துறையாகத் தோன்றும் கருவிகளுக்கு, பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதுமானது. வேறொரு நிரல் அத்துறையை முன்னரே திறந்து வைத்திருப்பதும் உண்டு.

2014 எப்.டி.டி.ஐ நிகழ்வு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எப்.டி.டி.ஐ நிறுவனத்தின் யூ.எஸ்.பி-தொடர் மாற்றிச் சில்லுகள் பல அளவீட்டுக் கருவிகளில் பயன்படுகின்றன. 2014 அக்டோபரில், விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியாக வந்த இந்நிறுவனத்தின் இயக்கி, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைச் சுழியமாக மாற்றியது. அந்த எண் கருவியின் நினைவகத்திலேயே மாற்றப்பட்டதால், கருவியை வேறு கணினியில் செருகியபோதும் வழக்கமான இயக்கி அதனை ஏற்கவில்லை. சில்லு போலி என்பதை அறியாது கருவியை வாங்கியவர்களும் பாதிக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்ததால் அவ்வியக்கி திரும்பப் பெறப்பட்டது. உரிய மென்பொருளால் பழைய எண்ணை மீண்டும் எழுத இயன்றது.

பாதுகாப்பு

சோதனையைத் தொடங்குமுன் உணரிகளையும் பிற உள்ளீட்டுக் கம்பிகளையும் அகற்றுதல் வேண்டும். உள்ளீட்டில் மின்னழுத்தம் இருந்தால், யூ.எஸ்.பி கேபிளை அகற்றிய பின்னரும் கருவி அரைகுறையாக மின்பெற்று, முழுமையாக மீட்டமைக்கப்படாமல் இருக்கலாம். மேலும், விலை குறைந்த பல கருவிகளில் மின் தனிமைப்படுத்தல் இல்லை. அவற்றின் புவி முனை கணினியின் புவி முனையுடன் நேரடியாக இணைந்துள்ளது. இத்தகைய கருவியை வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்புள்ள சுற்றில் இணைத்தால் கருவியும் கணினியும் சேதமடையலாம்; பயன்படுத்துபவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.