காந்தி மார்க்கெட் வெங்காயமும் கம்ப்யூட்டர் ரேமும்

தலைப்பைப் பார்த்துவிட்டு "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவிடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. நானும் போன நவம்பர் வரை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா மகன் ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறார். இப்போது எல்லோரும் 4கே கேட்கிறார்கள். அண்ணனின் பழைய கம்ப்யூட்டரோ 4கே ஃபைலைத் திறந்தாலே முகூர்த்த நேரம் முடிந்துவிடும். தை மாதக் கல்யாணங்களுக்கு அட்வான்ஸ் வேறு வாங்கியாகிவிட்டது. அதனால் 2025 கடைசியில் புது மெஷின் அசெம்பிள் செய்ய 64 ஜிபி ரேமோடு கொட்டேஷன் வாங்கினோம். சீட்டுப் பணம் கைக்கு வர சில வாரம் ஆனது. திரும்பப் போனால், ரேம் விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்! "தம்பி, இது நாங்க ஏத்துற விலை இல்ல" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நிஜம்தான். அது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போவோம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் இரண்டை வைத்தே ஒரு பிட்டைச் சேமிக்கலாம் என்று 1966-ல் கண்டுபிடித்தவர் ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட். 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் போன், லேப்டாப் எல்லாவற்றிலும் ஓடுவது அந்த யோசனைதான். 1970-ல் இன்டெல் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 1024 பிட், அதாவது 128 பைட்.

இதை எடிட்டிங் கணக்கில் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஃபுல் ஹெச்டி படத்தில் ஒரு ஃபிரேம் 1920 x 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் 62,20,800 பைட். அந்த ஒரே ஒரு ஃபிரேமை வைத்துக்கொள்ள 48,600 இன்டெல் 1103 சிப்கள் வேண்டும்! 4கே என்றால் அதைப் போல நாலு மடங்கு, கிட்டத்தட்ட 25 எம்பி. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடினால் 620 எம்பிக்கு மேல். 16 ஜிபி ரேம் முழுக்க இதற்கே கொடுத்தாலும் 25 நொடி சொச்சம்தான் தாங்கும். அண்ணனின் மெஷின் ஏன் மூச்சு வாங்கியது என்று இப்போது புரிகிறதா?

சரி, விலைக்கு வருவோம். இங்கேதான் பி.காம் படிக்கிறவனுக்கு வேலை.

எங்கப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். பெரம்பலூர் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் வரும். ஒரு பருவத்தில் விலை நன்றாக இருந்தால் அடுத்த பருவத்தில் எல்லோரும் அதையே நடுவார்கள். அறுவடை ஒன்றாக வந்து குவியும், விலை விழும். நொந்துபோய் அடுத்த தடவை யாரும் நடமாட்டார்கள், விலை ஏறும். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு சிலந்தி வலைத் தேற்றம் என்று பெயர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா மண்டிக் கணக்கை வைத்துச் சொன்னபோது அஞ்சு நிமிஷத்தில் புரிந்தது.

ரேமும் அச்சு அசல் இதே கதை. ஒரு கம்பெனியின் சிப்புக்கும் இன்னொன்றின் சிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வெங்காயம் மாதிரி. வித்தியாசம் ஒன்றுதான். வெங்காயம் மூன்று மாதத்தில் விளைந்துவிடும். சிப் தொழிற்சாலை கட்டி முடிக்கவே இரண்டு மூன்று வருஷம். அதனால் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது.

1980களில் ஜப்பான் கம்பெனிகள் மலிவாகக் கொண்டுவந்து கொட்டியதில், ரேமினால் வளர்ந்த இன்டெல்லே 1985-ல் அந்தத் தொழிலை விட்டு வெளியேறியது. 1993 ஜூலையில் ஜப்பானில் சுமிடோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. அது சிப் செய்யும் ஆலைகூட இல்லை, சிப்பை மூடும் பிசின் செய்யும் ஆலை. ஆனாலும் உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம், மறுபடி விலை எகிறல்.

எல்லாமே இயற்கையாக நடந்ததும் இல்லை. 1999-லிருந்து 2002 வரை சில பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி விலையை வைத்ததை அமெரிக்க அரசு பிடித்தது. 2004-ல் இன்ஃபினியனுக்கு 16 கோடி டாலர், 2005-ல் ஹைனிக்ஸுக்கு 18.5 கோடி, சாம்சங்குக்கு 30 கோடி டாலர் அபராதம். அப்புறம் விலை விழுந்த காலத்தில் ஜெர்மனியின் கிமோண்டா 2009-லும், ஜப்பானின் எல்பிடா 2012-லும் திவால். கடைசியில் மார்க்கெட்டின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கைகளில் வந்து நின்றது. காந்தி மார்க்கெட்டில் மொத்தம் மூணே மூணு மண்டி இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

2025-ல் நடந்தது இதுதான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு ஹெச்பிஎம் என்ற விலை உயர்ந்த மெமரி வேண்டும். கம்பெனிகள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ரேம் குறைந்தது. டிசம்பரில் மைக்ரான், தன் குரூஷியல் பிராண்டில் சில்லறை விற்பனையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீடியோவுக்கு அடி விழுந்தது இப்படித்தான்.

அண்ணன் "விலை இறங்குற வரைக்கும் காத்திருக்கலாமா?" என்று கேட்டார். அப்பா சொன்னது: "2020-ல மார்க்கெட்ட மாசக்கணக்குல மூடி, பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு அனுப்பினாங்க. அப்பவும் சரக்கு வந்துச்சு, வித்தோம். காத்திருக்கிறது குடோன் வச்சிருக்கிறவனுக்கு. தை மாசம் உனக்காகக் காத்திருக்காதுப்பா."

அப்புறம் என்ன செய்தோம்? பதில் பழைய சினிமாவில் கிடைத்தது. 1994 பொங்கலுக்கு வந்த மகாநதி, ஆவிட் முறையில் எடிட் செய்த முதல் இந்தியப் படம் என்று சொல்வார்கள். (ஸ்ரீரங்கத்துப் பாட்டு உள்ள அதே படம்தான்!) அன்றைய கம்ப்யூட்டர்களால் சினிமாத் தரத்தில் படத்தைத் தாங்கவே முடியாது. அதனால் தரம் குறைந்த நகலை உள்ளே ஏற்றி, அதில் எடிட் செய்து, எங்கே வெட்ட வேண்டும் என்ற பட்டியலை எடுத்து, பிறகு நிஜ நெகட்டிவை வெட்டுவார்கள்.

அதே வித்தைக்கு இன்று பிராக்ஸி என்று பெயர். 4கே ஃபைலுக்குச் சின்ன நகல் செய்து அதில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் ஒரிஜினலிலிருந்து அவுட்புட் எடுப்பது. எனவே 64-ஐ விட்டுவிட்டு, 16 ஜிபி குச்சிகள் இரண்டாக 32 ஜிபி டிடிஆர்5 வாங்கினோம். ஒரே 32 ஜிபி குச்சி போட்டால் பிறகு இன்னொன்று சேர்க்க வசதிதான். ஆனால் அதுவரை ஒரே சேனலில் ஓடும், வேகம் குறையும். இரண்டாகப் போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்யும். பின்னால் நாலு குச்சியாக்கினால் டிடிஆர்5-ல் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு.

தை பிறந்தது. முதல் கல்யாண வீடியோ சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. பிராக்ஸி செய்ய ராத்திரி முழுக்க மெஷின் ஓடும், அண்ணன் தூங்குவார், அவ்வளவுதான் வித்தியாசம். ரேம் பில்லைப் பார்த்த பெரியம்மாதான் "இந்தக் குச்சி ரெண்டுக்கு இவ்வளவா? இதுக்கு எத்தனை மூட்டை வெங்காயம் வரும்?" என்றார்.

அப்பா உடனே கால்குலேட்டரை எடுத்துவிட்டார்!