நொச்சி சூடிய காவலர்: ஆர். ஆறுமுகத்தின் ஆட்ட வரலாறு

பகைவர் மதிலை வளைத்துப் பொருதோர் உழிஞைப் பூவையும், மதிலின் உள்ளிருந்து அதனைக் காத்தோர் நொச்சிப் பூவையும் சூடினர் என்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்த செய்தி. தொல்காப்பியர் இவ்விரு திறத்தாரின் செயலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ நொச்சியைத் தனித் திணையாகவே பிரித்துக்கொண்டது. காப்பவனின் தொழில் தாக்குபவனின் தொழிலுக்கு மறுபுறம் மட்டுமன்று, தனக்கென ஓர் இலக்கணம் உடையது என்று பிற்காலத்தார் கருதினர் போலும். காற்பந்தாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் இந்தத் தெளிவுக்கு வந்து சேரவில்லை. கோல் போட்டவர் யார், எத்தனையாவது நிமிடத்தில் போட்டார், பந்தை அனுப்பியவர் யார் என்பனவெல்லாம் பதிவாகின்றன. போடவிடாமல் தடுத்தவரின் செயலோ நிகழாத ஒன்றாகவே போய்விடுகிறது. நிகழாததை வரலாறு எவ்வாறு எழுதும்?

மலேசியத் தமிழர் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு உரியவர் ஒருவர் உண்டு. அவர் தேசிய அணியின் கோல் காவலராக விளங்கிய ஆர். ஆறுமுகம். 1953 ஜனவரி 31-இல் பிறந்து, 1988 டிசம்பர் 18-இல் சாலை விபத்தொன்றில் மறைந்தார். வாழ்ந்தது முப்பத்தைந்து ஆண்டு. அதில் பாதிக்குச் சற்றே குறைந்த காலம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கழிந்தது. மக்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தனர். சிலந்தி மனிதன் என்னும் அப்பெயர் அவருடைய நீண்ட கைகளைக் கண்டு எழுந்தது.

கைந்நீளம் ஏன் அத்துணைப் பேசப்பட்டது என்பதை ஆட்டத்தின் அளவுகளே விளக்கும். கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. அதாவது 192 சதுர அடிப் பரப்பை ஒருவர் காக்க வேண்டும். எவ்வளவு நெடியவரும் கைகளை விரித்து நின்றால் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட மறைக்க இயலாது. ஆகவே காவலரின் வேலை பந்து வந்தபின் பாய்வது அன்று. பந்து எங்கு வரும் என்பதை முன்னறிந்து, உதைப்பவர் கண்ணுக்குக் கோல் சிறுத்துத் தோன்றும் இடத்தில் போய் நிற்பது. மூலை உதையிலிருந்து பந்து காற்றில் மிதந்து வரும்போது, எதிரணியாரின் தலை எட்டும் முன்னரே அதைக் கையால் பறித்தெடுப்பது மற்றொரு கலை. கை நீண்டவர்க்கு அது எளிது என்பர். ஆனால் கை நீண்டிருந்தும், வெளியே வர வேண்டிய நொடியில் தயங்கி நின்று தோற்றவர் எத்தனையோ பேர். உடம்பின் நீளம் பிறப்பால் வருவது. நொடியைக் கணிப்பது பழக்கத்தால் வருவது.

தோட்டப்புறச் சிறுவர் ஆட்டத்தில் கோல் காவல் என்பது பெருமைக்குரிய இடமன்று. சிம்பாங் பூலாய், கோப்பேங், பத்து காஜா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் சரி, பிற மாநிலத் தோட்டங்களிலும் சரி, மாலை வெயில் தணிந்ததும் திடலில் கூடும் பிள்ளைகள், ஓட மாட்டாதவனையே கம்பங்களுக்கிடையே நிறுத்துவது வழக்கம். கம்பம் என்பதும் பல நேரங்களில் நட்டுவைத்த மூங்கிற்கழி அல்லது கழற்றி வைத்த சட்டைதான். இன்று அத்திடல்கள் பலவும் தோட்டத்தோடு சேர்ந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆறுமுகத்தின் புகழ் எழுந்த பின்னர், அந்த இடத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. ஓட முடியாதவன் நிற்கும் இடம், தன் இனத்தான் ஒருவன் நாட்டுக்காக நிற்கும் இடமாக மாறியது.

இதில் பேராக் மக்களுக்கு ஒரு சங்கடமும் இருந்தது. ஆறுமுகம் சிலாங்கூர் அணியின் காவலர். பேராக்கோ காற்பந்தாட்டத்தில் தனக்கென நெடிய மரபுடைய மாநிலம். ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலார் அளித்த கிண்ணத்துக்காக 1921-இல் தொடங்கிய போட்டியைப் பேராக் 1926-இலும் 1931-இலும் 1957-இலும் வென்றது. 1967-இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியபோது முதன்முதலில் அதைத் தூக்கியதும் பேராக்தான்; 1970-இல் மீண்டும் தூக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை வந்து, இரண்டு முறையும் சிலாங்கூரிடமே தோற்றது. அந்தச் சிலாங்கூர் 1975 முதல் 1986 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு முறை கிண்ணம் வென்றது. சிலாங்கூர் தோற்க வேண்டும், ஆனால் ஆறுமுகம் தோற்கக் கூடாது என்று ஈப்போ விளையாட்டரங்கில் ஒரு தமிழர் வேண்டிக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

நாட்டின் சார்பில் அவர் பெற்ற வெற்றிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என வென்று வெண்கலம் பெற்ற மலேசிய அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் கிடைத்தது. ஜகார்த்தா இறுதியாட்டத்தை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும். எதிரணி இந்தோனேசியா, அரங்கு அவர்களுடையது, முடிவு 1-0. அந்த ஒரே கோல் மொக்தார் டஹாரி போட்டது என்பது இன்றும் பலர் நினைவில் உண்டு. அந்த ‘1’ என்னும் எண்ணுக்கு உரியவர் மொக்தார். அதன் பக்கத்தில் நிற்கும் சுழியம் யாருக்கு உரியது? காவலருக்கும் அவர்முன் நின்ற தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் உரியது. சுழியத்துக்குப் பெயர் எழுதும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

இனி 1980-ஆம் ஆண்டுக்கு வருவோம். மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துக்கான தகுதிச் சுற்று அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், புருணை ஆகிய ஆறு நாடுகள் மோதின. முதல் இரண்டு இடம் பெறுவோர் மீண்டும் பொருத வேண்டும். வென்றவர்க்கு மட்டுமே மாஸ்கோ. பயிற்றுநர் ஜெர்மானியரான கார்ல்-ஹைன்ஸ் வைகாங். 1966-இல் தென் வியட்நாமுக்கு மெர்டேக்கா கிண்ணத்தை வென்று கொடுத்தவர் அவர். பின்னாளில் பேராக் அணிக்கும் பயிற்சியளித்து, ஈப்போவிலேயே தங்கி, 2017-இல் அங்கேயே காலமானார். அணித்தலைவர் சோ சின் ஆன். அவரோடு சேர்ந்து பின்களம் காத்தவர் சந்தோக் சிங். முன்களத்தில் சபா மாநிலத்து ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். கோலில் ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், சபா மாநிலத்தார், தமிழர் என்று எல்லாரும் அமைந்த அணி அது. அவ்வாறு அமைய வேண்டும் என்று எவரும் திட்டமிட்டுத் தொகுத்ததாகத் தெரியவில்லை. ஆட வல்லவரைச் சேர்த்தபோது அவ்வாறு அமைந்தது.

முதற்சுற்றில் தென் கொரியாவை மலேசியா 3-0 என வென்றது. ஆசியாவின் வலிய அணிகளுள் ஒன்றான கொரியாவுக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. ஏப்ரல் 6-இல் மெர்டேக்கா விளையாட்டரங்கில் அதே இரு அணிகளும் மீண்டும் எதிர்நின்றன. இம்முறை கொரியர் எளிதில் விடவில்லை. ஹசான் சானி அனுப்பிய பந்தை ஜேம்ஸ் வோங் உள்ளே செலுத்த, 2-1 என மலேசியா வென்றது. அந்த வெற்றிக் கோலை இன்றும் முதியோர் கதை போலச் சொல்வர். அந்தக் கோலுக்குப் பொருள் இருந்ததே கொரியரின் கணக்கு ஒன்றோடு நின்றதால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வோர் சிலரே.

மலேசியா மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா விடுத்த அழைப்பை ஏற்று விலகிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 80 நாடுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் மலேசியாவின் இடம் ஈராக்குக்கு அளிக்கப்பட்டது. ஈராக் கோஸ்தாரிக்காவை 3-0 என வென்றது. பின்லாந்தோடும் யூகோஸ்லாவியாவோடும் சமநிலை கண்டது. காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. தகுதிச் சுற்றில் வென்றவர் சென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கணிப்பது வீண் வேலை. ஆயினும் காலிறுதி என்பது எட்டாத உயரமன்று என்பதை மாற்றாகச் சென்றவர் ஆடிய ஆட்டமே காட்டுகிறது.

விலகியது சரியா தவறா என்பதில் இருவேறு கருத்துகள் உண்டு. ஒரு சிறு நாடு அத்துமீறலைக் கண்டிக்க வேறு வழி என்ன என்று கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தக் கண்டனத்தின் விலையைக் கொடுத்தவர் எவர் என்பதை மறைக்கலாகாது. தூதரகங்கள் கொடுக்கவில்லை, வாணிகம் கொடுக்கவில்லை, ஆட்டக்காரர் கொடுத்தனர். சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தை விட்டு முற்றிலும் வெளியேறியது 1989 பிப்ரவரியில். அப்போது ஆறுமுகம் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1972-இல் மியூனிக்கில் ஆடியதே மலேசியக் காற்பந்து அணி கண்ட ஒரே ஒலிம்பிக். 1980-க்குப் பின் அந்தத் தகுதி மீண்டும் வாய்க்கவேயில்லை. காவலரின் தொழில் முழுவதும் நிகழாதவற்றால் ஆனது என்று தொடக்கத்தில் கூறினோம். ஆறுமுகத்துக்கோ அவருடைய பெருவெற்றியே நிகழாத ஒன்றாகிவிட்டது.

வேறொரு நாட்டை ஒப்புநோக்கினால் இது இன்னும் தெளியும். அமெரிக்கர் தம் நாட்டில் ‘புட்பால்’ என்று ஆடுவது வேறொரு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. ‘குவாட்டர்பேக்’ எனப்படுபவரே அங்கு அணியின் மூளை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரிகள் வந்து மோதும் முன் எவரிடம் எறிவது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். ஆறுமுகத்தின் காலத்திலேயே, 1979-இல் சான் பிரான்சிஸ்கோ அணியிற் சேர்ந்த ஜோ மொன்டானா என்பவர் 1994 வரை அந்த இடத்தில் ஆடினார். ஆண்டுதோறும் நடக்கும் முதன்மைச் சுற்றுகளில் மட்டும் அவர் எறிந்து பயனான தொலைவு 40,551 கெஜம். கோல்கோட்டைத் தாண்டச் செய்த எறிதல் 273. இவ்வளவு நுணுக்கமாக எண்ணியதற்குக் காரணம் கல்விப் பற்றன்று. அது ஊதியத் தொழில். ஒவ்வோர் எறிதலுக்கும் விலை உண்டு. விலையுள்ளதை மனிதர் எண்ணுவர்.

மலேசியாவில் அந்நாளில் ஆட்டம் தொழிலாகவில்லை. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடியவர்கள் பகலில் அலுவலகத்திலோ நிறுவனத்திலோ வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஆடினால் படிப்பணம் கிடைக்கும், புகழ் கிடைக்கும், முதுமைக்கு ஒன்றும் கிடைக்காது. காவலர் தடுத்த பந்துகளை எண்ணி வைக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே மொன்டானாவின் தொழில் வாழ்வை எண்களால் எழுதலாம். ஆறுமுகத்தின் வாழ்வைக் கண்டவர் நினைவாலும் செய்தித்தாளின் பழைய படங்களாலுமே எழுத வேண்டியுள்ளது.

நினைவும் பெயர் மாறிப் போகக் கூடியது. 1980-ஆம் ஆண்டு வெற்றியைத் தழுவிச் சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் 2016-இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதில் கோல் காவலராக வரும் தமிழ் இளைஞனின் பெயர் முத்துக்குமார். கற்பனைப் படைப்புக்கு அவ்வுரிமை உண்டு. அதனைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் படத்தால்தான் இளைய தலைமுறை இந்தக் கதையையே அறிந்தது என்பதும் உண்மை. ஆனால் இன்றைய மாணவரைக் கேட்டால் முத்துவைத் தெரியும் என்பர். ஆறுமுகத்தைத் தெரியுமா என்றால் விழிப்பர். பாடநூலில் அவருக்கு ஒரு பக்கம் இல்லாத குறையைத் திரைப்படம் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அது ஆசிரியர் பணி. மோசிசாத்தனார் நொச்சி மரத்தையே விளித்துப் பாடிய புறப்பாட்டை நடத்தும்போது, மதில் காத்தல் என்றால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கவைக்க ஆறுமுகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

சிலாங்கூரில் நெடுங்காலம் ஆடிய அவர், தம் ஆட்ட வாழ்வின் இறுதியில் கோலாலம்பூர் அணிக்கு மாறினார். அந்த அணி 1987-இலும் 1988-இலும் கெடாவை இறுதியாட்டத்தில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தொடர்ந்து இருமுறை பெற்றது. 1988 டிசம்பரில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளானது.

அடுத்த ஆண்டே, 1989-இல், மலேசியாவில் பகுதித் தொழில்முறைக் காற்பந்து லீக் தொடங்கியது. ஆட்டக்காரர்க்கு ஒப்பந்தமும் மாத ஊதியமும் வரத் தொடங்கின. 1994-இல் அது முழுத் தொழில்முறை ஆயிற்று. 1989-இல் கோலாலம்பூர் மூன்றாம் முறையாகக் கெடாவையே இறுதியாட்டத்தில் சந்தித்து, 3-1 என வென்றது. கம்பங்களுக்கிடையே வேறொருவர் நின்றார்.