ஹேசல், எட்டி: இசைத்தட்டுகளும் நினைவுப் பதிவுகளும்

எட்டி ஹேசல் (1950 ஏப்ரல் 10 – 1992 டிசம்பர் 23) அமெரிக்க ஃபங்க் இசையின் கித்தார் கலைஞர், பாடகர், பாடலாசிரியர். ஃபங்கடெலிக் குழுவின் முதல் முதன்மைக் கித்தார் இவருடையது. வாழ்நாளில் சொந்தப் பெயரில் வெளிவந்தது ஒரே ஒரு ஆல்பம்தான். எஞ்சியவற்றைக் குழுவின் தட்டுகளிலும், பிறர் பாடிய பாடல்களிலும், தாயார் பெயரில் பதிவான பாடல்களிலும், மறைவுக்குப் பின் வந்த வெளியீடுகளிலும் தேடித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம்

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். போதைப்பொருளும் குற்றங்களும் மலிந்த சூழலில் மகன் வளரக் கூடாது என்று தாயார் கிரேஸ் குக் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த கித்தாரில் தாமே பழகினார். தேவாலயத்தில் பாடவும் செய்தார். 12 வயதில் பில்லி நெல்சனின் நட்பு கிடைத்தது. அதே ஊரில் முடிதிருத்தும் நிலையம் நடத்திவந்த ஜார்ஜ் கிளிண்டனின் ‘பார்லிமென்ட்ஸ்’ குழு 1967இல் ஒரு வெற்றிப் பாடலைத் தந்தது. பயணக் கச்சேரிகளுக்கு வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டபோது நெல்சன் பேஸ் கித்தாருக்குச் சேர்ந்தார். ஹேசலையும் அழைத்துவர முயன்றார். பையனுக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது என்று தாயார் மறுத்தார். கிளிண்டனும் நெல்சனும் சேர்ந்து பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். பிலடெல்பியாவில் அறிமுகமான டிக்கி ஃபுல்வுட் டிரம்ஸ் வாசிக்க வந்ததும் ஃபங்கடெலிக்கின் அடித்தளம் அமைந்துவிட்டது.

ஃபங்கடெலிக் ஆண்டுகளும் ‘மேகட் பிரெயின்’ பதிவும்

டெட்ராய்ட்டின் வெஸ்ட்பவுண்ட் நிறுவனம் 1970இல் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. 1971இல் வந்த மூன்றாவது ஆல்பம் ‘மேகட் பிரெயின்’. ஹேசலைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் வந்து நிற்கும் இடம் அதன் முதல் பதிவு.

பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீளும் பதிவு அது. கிளிண்டனின் குரலில் சில வரிகள் வந்து போனபின் பாட்டு இல்லை. மெதுவாகச் சுழலும் ஒரு கித்தார் நடை அடியில் ஓட, அதன் மேல் ஹேசலின் கித்தார் அழுகிறது, மன்றாடுகிறது, நடுவில் கனன்று எழுகிறது, பின் தணிகிறது. வேகத்தைக் காட்டுவதற்காக ஒரு சுரமும் வாசிக்கப்படவில்லை. ஒவ்வொரு நீண்ட ஒலியும் அடுத்தது எங்கே விழும் என்று கேட்பவரைக் காத்திருக்க வைக்கிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில் மறைந்திருந்ததால் அவருடைய வாரிசு என்ற பேச்சு ஹேசலைச் சுற்றி எழுந்தது. கருவியின் உறுமலிலும் இரைச்சலிலும் ஹென்ட்ரிக்ஸின் சாயல் தெரிவது உண்மையே. ஆனால் இந்தப் பதிவின் பொறுமை ஹேசலுக்கே உரியது.

பதிவு எப்படி நிகழ்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் கிளிண்டனின் நினைவுகூரலே ஆதாரம். தாய் இறந்துவிட்டாள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டதாக நினைத்து வாசி என்று சொன்னதாகவும், ஹேசல் ஒரே மூச்சில் வாசித்து முடித்ததாகவும் அவர் கூறியுள்ளார். இக்கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதன்படி, முதற்பாதியில் அந்தத் துயரம். பிற்பாதியில், அவள் இறக்கவில்லை என்று தெரியவந்த நிலை. இரண்டில் எது அன்று சொல்லப்பட்டது என்று அறுதியிட இயலாது. அப்போது கிரேஸ் குக் உயிரோடுதான் இருந்தார். புழு அரித்த மூளை என்று பொருள்படும் தலைப்பைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. அது ஹேசலின் பட்டப்பெயர் என்பர் சிலர். கிளிண்டன் தம் சகோதரரின் சிதைந்த உடலைக் கண்டெடுத்த நிகழ்ச்சியோடு தொடர்புடையது என்பர் வேறு சிலர்.

குழுவினர் எல்லாரும் சேர்ந்தே வாசித்தார்கள் என்பது பின்னாளில் காதாலேயே தெரிந்தது. கலவையின்போது மற்ற வாத்தியங்களைப் பெரும்பாலும் தணித்துவிட்டு, கித்தாரின் மேல் எதிரொலியை அடுக்கடுக்காகச் சேர்த்தவர் கிளிண்டன். 2005 மறுவெளியீட்டில் இணைக்கப்பட்ட மாற்றுக் கலவையில் டிரம்ஸும் பேஸும் தெளிவாகக் கேட்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, நீக்கப்பட்ட ஒலிகள் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கின்றன என்பது விளங்கும். அதே ஆல்பத்தின் ‘சூப்பர் ஸ்டூப்பிட்’ பாடலில் ஹேசல் தாமே முதன்மைக் குரலில் பாடுகிறார். தலைப்புப் பதிவின் புகழில் இது மறைந்துபோனது வருத்தத்துக்குரியது.

விலகல், மீள்வரவு

பணத் தகராறு காரணமாக 1971இன் இறுதியில் ஹேசலும் நெல்சனும் குழுவிலிருந்து விலகினர். அடுத்த இரு ஆல்பங்களில் ஹேசலின் பங்கு குறைவு. 1974இன் ‘ஸ்டாண்டிங் ஆன் தி வெர்ஜ் ஆஃப் கெட்டிங் இட் ஆன்’ ஆல்பத்தில் முழு வீச்சில் திரும்பினார். அதன் பாடல்களில் பல, கிளிண்டனோடு சேர்த்துக் கிரேஸ் குக் பெயரில் பதிவாகியுள்ளன. எழுதியவர் மகனே. பதிப்புரிமை ஒப்பந்தச் சிக்கலைத் தவிர்க்க இப்படிச் செய்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும், மகனை அனுப்ப மறுத்த தாயின் பெயர் ஃபங்க் வரலாற்றில் பாடலாசிரியராக நிலைத்துவிட்டது.

அதே ஆண்டில், விமானப் பணிப்பெண்ணையும் விமானக் காவலரையும் தாக்கியதாகவும் போதைப்பொருள் வைத்திருந்ததாகவும் வழக்குக்குள்ளாகிச் சிறை சென்றார். ‘மேகட் பிரெயின்’ முழுவதையும் பிசகாமல் வாசித்துக் காட்டிய கிளீவ்லாந்து இளைஞர் மைக்கேல் ஹாம்ப்டன் அவர் இடத்துக்கு வந்தார்.

மோடவுன் நிறுவனத்தின் டெம்ப்டேஷன்ஸ் குழுவுக்காக ஹேசல் கூட்டாக எழுதி முதன்மைக் கித்தாரும் வாசித்த ‘ஷேக்கி கிரவுண்ட்’ 1975இல் அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பெற்றது. ஃபீபி ஸ்னோ, எல்டன் ஜான் ஆகியோர் பிற்பாடு அதைப் பாடியுள்ளனர்.

தனி ஆல்பம்

‘கேம், டேம்ஸ் அண்ட் கித்தார் தாங்ஸ்’ 1977இல் வார்னர் பிரதர்ஸ் வெளியீடாக வந்தது. பூட்சி காலின்ஸ், பெர்னி வொரெல் முதலிய பழைய கூட்டாளிகள் வாசித்தனர். லின் மேப்ரியும் டான் சில்வாவும் பாடினர். மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் ‘கலிஃபோர்னியா டிரீமின்’ இதில் இருமுறை வருகிறது. பீட்டில்ஸின் ஒரு பாடலும் உண்டு. பிறர் மெட்டை எடுத்துத் தம் வீட்டுப் பொருளாக்கிக்கொள்ளும் ஹேசலின் கைவண்ணத்தைக் காண இதைவிட நல்ல இடம் இல்லை. விற்பனை பெரிதாக இல்லை. அச்சு நின்றபின் பழைய தட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரும்பொருளானது. 2004இல் ரைனோ ஹேண்ட்மேட் குறுந்தகடாக மறுவெளியீடு செய்தது.

1980களில் கிளிண்டனின் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் (பி-ஃபங்க்) வட்டாரத்தின் தட்டுகளில் அவ்வப்போது வாசித்தார். உள் இரத்தக்கசிவாலும் கல்லீரல் செயலிழப்பாலும் 42 வயதில் மறைந்தார்.

மறைவுக்குப் பின்

1994இல் ‘ஜாம்ஸ் ஃப்ரம் தி ஹார்ட்’ என்ற சிறு தொகுப்பும், ஜப்பானில் ‘ரெஸ்ட் இன் பி’ ஆல்பமும் வெளிவந்தன. பில் லாஸ்வெல் ஒருங்கிணைத்த ‘ஃபங்க்குரோனமிகான்’ (1995) ஹேசலின் கடைசிக்காலப் பதிவுகள் சிலவற்றைப் பேணித் தந்திருக்கிறது. அவற்றுள் ‘பிரே மை சோல்’ தவறவிடக் கூடாதது. அட்டை ஓவியம் ஃபங்கடெலிக் அட்டைகளை வரைந்த பெட்ரோ பெல்லுடையது. ‘அட் ஹோம்’ என்ற தொகுப்பு 2006இல் வந்தது.

நினைவுப் பதிவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே பத்து நிமிடத்தையே சுற்றி வருகின்றன. முதலாவது, ஹேசல் உயிரோடு இருந்தபோதே வந்தது: 1978இன் ‘ஒன் நேஷன் அண்டர் எ குரூவ்’ ஆல்பத்துடன் இணைப்பாகத் தரப்பட்ட சிறு தட்டில் ஹாம்ப்டன் மேடையில் வாசித்த ‘மேகட் பிரெயின்’ உள்ளது. ஹாம்ப்டன் கூர்மையானவர், வேகமானவர். மூலத்தின் தயக்கங்கள் அவரிடம் இல்லை. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் ரசிகர்களிடையே இன்றும் உண்டு. மைக் வாட்டின் ‘பால்-ஹாக் ஆர் டக்போட்?’ (1995) ஆல்பத்தில் ஜே மாஸ்கிஸ் அதே பதிவைக் கித்தாரில் வாசிக்க, பெர்னி வொரெல் உடன் வாசித்திருக்கிறார்.

வீன் குழு 1994இல் வெளியிட்ட ‘எ டியர் ஃபார் எட்டி’ பாட்டில்லாத அஞ்சலி. அக்குழுவின் டீன் வீன் மூலத்தைப் பிரதியெடுக்காமல் அதன் நடையில் புதிதாக ஒன்றை அமைத்தார். பெயர் சொல்லிச் செய்யப்பட்ட அஞ்சலிகளில் இதுவே மனத்தில் நிற்பது. ஜான் ஃப்ருஷியான்டேயின் ‘தி எம்பிரியன்’ (2009) ஆல்பத்தின் தொடக்கப் பதிவும் ‘மேகட் பிரெயின்’ பாதிப்பில் பிறந்ததே.

பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் உறுப்பினர்களுள் ஒருவராக 1997இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் ஹேசலின் பெயர் சேர்க்கப்பட்டது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2023இல் வெளியிட்ட 250 கித்தார் கலைஞர்கள் பட்டியலில் 29ஆம் இடம் பெற்றார்.